650 வார்த்தைக்குள் ஒரு பாப்பா

அமெரிக்காவுக்குப் போகப்போகிற கட்டுரை ஒன்று இந்த நிமிடம் கொட்டச்சேட்டில் ஒரு காப்பி மூட்டையின் மேல் கிடக்கிறது. அதன் மேல் அத்தையின் சுருக்குப் பை. பைக்கு அடியில் சிவப்பு மைப் பேனா. அந்தப் பேனாவைத் தேடி மூன்று பேர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இருக்கும் இடம் தெரியும், சொல்ல மாட்டேன். திரைக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க வந்தவள் ஆட்டத்தில் தலையிடலாமா?

ஏற்காடு என்றால் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுகிற வழிதான் எல்லோருக்கும் பழக்கம். கொட்டச்சேடு அந்தப் பக்கம் இல்லை, குப்பனூர்ச் சாலைப் பக்கம். ஏரியில் படகு விடவும் லேடீஸ் சீட்டில் செல்ஃபி எடுக்கவும் வருகிற கூட்டம் இங்கே இறங்குவதில்லை. டிசம்பர் கடைசி வாரம். அராபிகா பழுத்துச் சிவந்து நிற்கிறது. பறிப்பு மும்முரம். களத்தில் கொட்டை காய்கிறது, காலையில் பனி இறங்குவதற்குள் பரப்பவும் முடியாது, சாயங்காலம் பனி ஏறுவதற்குள் அள்ளாமல் இருக்கவும் முடியாது. இந்த அமளிக்கு நடுவில்தான் அரையாண்டு லீவுக்கு வந்த பாப்பா லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பாப்பாவுக்கு வயது 17. சேலத்தில் விடுதியில் தங்கி அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு, அது இந்தப் பக்கத்துக்கு வேண்டாம். அண்ணன், பெரியப்பா மகன், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். லேப்டாப், ஹாட்ஸ்பாட், அளவுக்கு மீறிய நம்பிக்கை, மூன்றும் அவன் சப்ளை. சார், ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார், கம்பளிக் குல்லாவைக் கழற்றாமலே சாப்பிடுகிறவர். அத்தைக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான திருத்தத்தைச் செய்தவர் அவர்தான். அதற்கு வருகிறேன்.

முதலில் இது என்ன வஸ்து என்று பார்த்துவிடலாம். 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொது விண்ணப்பம் அமெரிக்காவில் 1975-இல் ஒரு சில கல்லூரிகள் சேர்ந்து ஆரம்பித்தது. இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. மார்க், ஆசிரியர் கடிதம், அது இது எல்லாம் போக, மாணவரே தன்னைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரை ஒன்று உண்டு. குறைந்தது 250 வார்த்தை, கூடிப்போனால் 650. அந்தக் கட்டம் 651-வது வார்த்தையை வாங்காது. கெஞ்சினாலும் வாங்காது. பல கல்லூரிகளுக்குக் கடைசி நாள் ஜனவரி முதல் வாரத்துக்குள் வந்துவிடும், சிலதுக்கு ஜனவரி 1. இதில் ஒரு குஷியான சமாச்சாரம்: இரவு 11:59 என்பது விண்ணப்பிக்கிறவர் இருக்கும் ஊர்க் கணக்கு. ஆக, அமெரிக்கப் பல்கலைக்கழகம் கொட்டச்சேட்டுக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது! அத்தை இதைக் கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போடச் சொன்னார்.

'அதெல்லாம் நமக்கா?' என்று கேட்கிறவர்களுக்கு: ஈரோடு மாவட்டத்து விவசாயி மகள் ஒருவருக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்த செய்தி 2021 டிசம்பரில் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பாப்பாவின் நோட்டில் அந்தக் கத்தரிப்பு ஒட்டியிருக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹெர்ஸ்ட் போல ஒரு சில இடங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் 'பணம் இருக்கா?' என்பதைச் சேர்க்கைக்குக் கணக்கில் எடுப்பதில்லை. சேர்த்துக்கொண்டால் தேவைப்படுகிற பணத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் போட்டி எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இப்போது பழைய பிரதிகளைப் பார்க்கலாம் வாருங்கள். ஆஹா, இதுதான் எனக்குப் பிடித்த பகுதி! அண்ணன் ஒரு ஃபோல்டரில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறான். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்', 'சத்தியமா ஃபைனல்'. கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, நான் தமிழில் சொல்கிறேன்.

ஆதிப் பிரதி இப்படி ஆரம்பிக்கிறது: 'சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் அளவற்ற ஆர்வம்.' அடுத்து அப்துல் கலாம். அடுத்து, ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படும் எழில்மிகு ஏற்காடு. அடுத்து, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த வரலாறு, ஒரு பத்தி முழுக்க.

சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாராம்: "காக்பர்னுக்கு அட்மிஷன் கேக்கறமா, உனக்குக் கேக்கறமா கண்ணு?"

காக்பர்ன் அன்றோடு ஊரைக் காலி செய்தார்.

'சிறு வயது முதலே' விஷயத்தில் பாப்பா தனி ஆள் இல்லை. பிரிட்டனில் கல்லூரி விண்ணப்பங்களைக் கையாள்கிற யூகாஸ் அமைப்பு 2007-இல் மாணவர்களின் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டாவது பிறந்தநாளன்று வேதியியல் பெட்டியை வைத்து விளையாடிப் பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டேன், அன்றிலிருந்து அறிவியல் மோகம் என்று எழுதியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 234 பேர்! நம் சட்டமன்றத் தொகுதிக் கணக்கு. தொகுதிக்கு ஒரு பைஜாமா. எல்லோரும் ஒரே மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். யூகாஸ் இப்போது ஆட்டத்தையே மாற்றிவிட்டது. 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள். ஏன் இந்தப் படிப்பு, படித்தது எப்படி உன்னைத் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து. நேராகக் கேட்டால் நேராகப் பதில் வரும் என்கிற நம்பிக்கை.

அடுத்த பிரதிக்குப் பின்னால் ஒரு யூடியூப் காணொளி. 'கஷ்டத்தை எழுது, கண்ணீர் வரவைத்தால் சீட்டு நிச்சயம்' என்று யாரோ அதில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் களத்தில் இறங்கிவிட்டான். பாப்பா வெறுங்காலோடு நடக்கிறாள். விளக்கு அணைந்துவிடுகிறது. பள்ளிக்குப் போகும் காட்டு வழியில் யானை மறிக்கிறது.

"சேர்வராயன் மலைல ஏதுடா யானை?" என்றார் சார்.

"ஒரு எஃபெக்டுக்குத்தானுங்க சார்."

"காட்டெருமை இருக்குது, அதையாவது போட வேண்டியதுதான?"

"காட்டெருமைன்னா அமெரிக்காக்காரன் பயப்பட மாட்டானுங்க சார்."

யானை வெளியேறியது. கண்ணீர்ப் பிரதியை அத்தைக்கு வாசித்துக் காட்டியபோது வீட்டில் நிஜமான சண்டையே நடந்திருக்கிறது. "வெறுங்காலோட எப்படி போச்சு அவ? நான் செருப்பு வாங்கித் தரலையா? நாம என்ன பிச்சையா எடுக்கறோம்? ஒண்ணரை ஏக்கரு காப்பி இருக்குது, மிளகுக்கொடி இருக்குது, கெழவி நான் இருக்கறேன். எழுதினா உள்ளத எழுதச் சொல்லு." அதோடு அந்த ஃபைலும் காலி. அத்தையின் கோபம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வறுமையைச் சொல்வது வேறு, வறுமையை அலங்காரம் செய்து கடைவாசலில் வைப்பது வேறு. அந்தக் காணொளிக்காரர்களிடம் அத்தையை ஒரு நாள் அனுப்பிவைக்க வேண்டும்.

பிறகு அகராதிக் காலம். எளிய சொல் ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு பெரிய சொல். 'நிறைய' என்ற இடமெல்லாம் ப்ளெத்தோரா, மிரியட். அதற்கும் பிறகு, ஒரு ராத்திரி, அண்ணன் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கிய கட்டுரை. அதில் ஏற்காட்டின் மூடுபனி 'டேபஸ்ட்ரி'யாக விரிகிறது, காப்பித் தோட்டம் பொறுமையைப் போதிக்கிறது, காயும் கொட்டையைப் போலப் பாப்பாவும் பக்குவப்படுகிறாள். படித்தபோது சரளமாகத்தான் இருந்தது, பாப்பாவுக்கே சந்தோஷம். சார் முழுதும் படித்துவிட்டு, "இதுல யாரு இருக்கா?" என்றார். பதில் வரவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. முக்கியமான பகுதியைச் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிவிட்டுச் சொந்த எழுத்து என்று கொடுப்பதைக் காமன் அப்ளிகேஷன் தன் விதிகளில் மோசடிக் கணக்கில் சேர்த்திருக்கிறது. அண்ணன் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு லேப்டாப்பை மெல்ல மூடினான். அன்றிலிருந்து காயும் காப்பிக்கொட்டையையும் கட்டுரையையும் ஒப்பிட்டுப் பேசினால் அபராதம் 5 ரூபாய் என்று பாப்பா சட்டம் போட்டிருக்கிறாள். எனக்கே நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சார் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார் என்பதை நான் கூர்ந்து பார்த்தேன். ஒரு வாக்கியம்கூட அவர் எழுதித் தர மாட்டார். கேள்விக்குறி போடுவார், கோடு அடிப்பார், ஓரத்தில் 'யார்?', 'எப்போது?', 'பொய்' என்று எழுதுவார். அவ்வளவுதான். பெரிய நகரங்களில் இதே வேலைக்கு லட்சக்கணக்கில் வாங்குகிற ஆலோசகர்கள் உண்டு, வரியையே மாற்றி எழுதிக் கொடுக்கிறவர்களும் உண்டு. சாருக்குச் சம்பளம் இரண்டு வேளை காப்பி. அவர் கையில் ஒரு சோதனை: "இந்த வரிய நம்ம பஸ் ஸ்டாண்டுல நிக்கற வேற ஒரு பிள்ளை எழுத முடியுமா? முடியும்னா வெட்டு." இந்தச் சோதனையை ஓட்டியதில் ஆதிப் பிரதியில் மிஞ்சியது பாப்பாவின் பெயர் மட்டும்!

கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். பாப்பா திணறுவதற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை. தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியும் அவளிடம் 'நீ யாரு?' என்று கேட்டதே இல்லை. நமக்குக் கட்-ஆஃப் போதும். 200-க்கு எவ்வளவு, தரவரிசை என்ன, கவுன்சிலிங்கில் எந்தச் சுற்று. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வையும் 2006-இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டோம். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சந்தேகம் இருக்கிறது, அது நியாயமான சந்தேகம். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஒரு காலத்தில் இங்கே நேர்காணலுக்கு 75 மார்க் வைத்திருந்தார்கள். ஆளுக்குச் சில நிமிடம் பேசிவிட்டு அந்த 75-ஐ அள்ளிக் கொடுப்பதும் குறைப்பதும் எப்படி நியாயம் என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரியகருப்பன் வழக்கு, 1970-இல் தீர்ப்பு. ஆள் முகத்தையும் பேச்சையும் பார்த்துப் போடுகிற மார்க்கில் யார் உள்ளே போவார், யார் வெளியே நிற்பார் என்பது நம் ஊருக்குத் தெரியாத கதையா?

அமெரிக்காவிலும் இந்த 'உன்னைப் பற்றிச் சொல்' சங்கதி அவ்வளவு சுத்தமாகப் பிறக்கவில்லை. நூறு வருடம் முன்பு ஹார்வர்டும் கொலம்பியாவும் பரீட்சை மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்த்தபோது யூத மாணவர்கள் கணிசமாக உள்ளே வந்தார்கள். மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை. குணம், ஆளுமை, பின்னணி என்று விண்ணப்பம் நீண்டது அப்போதுதான். பிறந்த பிறகு உன் பெயரிலோ அப்பா பெயரிலோ மாற்றம் உண்டா என்றுகூட 1922 வாக்கில் ஹார்வர்ட் கேட்டது. எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஜெரோம் கேரபல் என்கிற சமூகவியலாளர் 2005-இல் இதைப் பற்றி ஒரு தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். ஆட்களை வடிகட்டி வெளியே தள்ளக் கண்டுபிடித்த கேள்வியின் வழியாக இன்று கொட்டச்சேட்டுப் பிள்ளை உள்ளே நுழையப் பார்க்கிறாள். எனக்குக் கட்-ஆஃப்தான் இன்னமும் பிடிக்கும். ஆனாலும் ஒரு 17 வயதுப் பெண்ணிடம் முன்பின் தெரியாத ஒருவர் 'நீ யாரு, சொல்லு கேட்கிறேன்' என்று கேட்பதில் ஒரு கிறுகிறுப்பு இருக்கத்தான் செய்கிறது.

சரி, பெரிய திருப்பத்துக்கு வந்துவிட்டோம்!

விண்ணப்பத்தில் கட்டுரை தவிர 'செயல்பாடுகள்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பத்து வரை போடலாம், ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துதான் இடம். பாப்பா என்.எஸ்.எஸ்., வினாடி வினா, கோகோ என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் போனால் போகிறதென்று ஒன்றைப் போட்டிருந்தாள்: 'விடுமுறைகளில் அப்பாவோடு காப்பித் தண்டுகளைப் பரிசோதித்தல்.' சார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது என்ன கண்ணு?"

"அது ஒண்ணுமில்லைங்க சார். துளைப்பான் பாக்கறது."

"எப்படிப் பாப்பே?"

"கையால தடவித்தான்."

நானும் தோட்டத்துக்குப் போனேன். விடுவேனா! அராபிகாவுக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வண்டு தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே போய்க் கட்டையைக் குடைந்துகொண்டே இருக்கும். வெளியே தெரிகிற அடையாளம் இலை மஞ்சளாவது, செடி வாடுவது. அதற்கு முன்பே தண்டில் மெல்லிய மேடு விழும். அந்த மேட்டைக் கண்டுபிடித்து, வண்டு வெளியே பறக்கிற பருவத்துக்குள் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஒரு செடிக்குப் பாவம் பார்த்தால் பக்கத்துச் செடிகளும் போகும். பாளெஹொன்னூரில் 1925-இல் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையம் முதற்கொண்டு எத்தனையோ பேர் இந்த வண்டோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள், இன்னும் இதற்கு ஒரே அடியில் தீர்வு இல்லை. வெயில் விழுகிற செடி என்றால் வண்டுக்குக் கொண்டாட்டம். நிழல் நன்றாக இருந்தால் தொல்லை குறையும்.

பாப்பா குனிந்து தண்டின் அடியிலிருந்து கட்டைவிரலை மேலே ஓட்டினாள். கண்ணைப் பார்த்தேன், அது வேறெங்கோ இருந்தது. பாதியில் விரல் நின்றது. "இங்க, அக்கா." என் விரலை எடுத்து வைத்துப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அழுத்தாதீங்க. சும்மா போங்க." மறுபடி ஓட்டினேன். பட்டைக்கு அடியில் நூல் ஓடுகிற அளவுக்கு ஒரு மேடு! நான் கத்தியதில் பறிக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா பாவாடை மடிப்பிலிருந்து பழைய சேலைக் கிழிசல் ஒன்றை எடுத்துச் செடியில் கட்டினாள். கிழிசல் கட்டிய செடி பிடுங்கப்படும். செப்டம்பரில் காலாண்டு லீவில் கட்டியவை எத்தனை, வெயில் பக்கம் எத்தனை, நிழல் பக்கம் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள். எதற்கு என்றால், "சும்மாதான், தெரிஞ்சுக்கலாம்னு" என்கிறாள். இந்தப் பிள்ளைதான் 'அறிவியலில் அளவற்ற ஆர்வம்' என்று எழுதிவிட்டு என்ன உதாரணம் கொடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது!

அன்று ராத்திரி எழுதியது ஆயிரம் வார்த்தையைத் தாண்டிவிட்டது. இனிமேல்தான் நிஜமான மெருகு வேலை, அதாவது அறுவை சிகிச்சை. ஒரு வாக்கியத்தை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். முதலில்: 'மிகுந்த அனுபவம் வாய்ந்த விவசாயியான என் தந்தை, செடிகளைப் பார்த்த மாத்திரத்திலேயே அவற்றில் நோய் உள்ளதா என்பதைக் கண்டறியும் ஆற்றல் பெற்றவர், அவரைப் பின்பற்றி நானும் அக்கலையைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டேன்.' சார் ஓரத்தில், 'நீயும் அவரும் ஒரே மாதிரியா பார்க்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தார். பாப்பா யோசித்தாள். இல்லையே! இரண்டாவது: 'என் தந்தை இலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பார், ஆனால் நான் தண்டைத் தொட்டுக் கண்டுபிடிப்பேன்.' மூன்றாவது: 'அப்பா இலையைப் பார்ப்பார். எனக்கு விரல்.' வார்த்தை கால்வாசிகூட இல்லை. அதோடு, இலை மஞ்சளாவதற்கு முன்பே மேடு விழுந்துவிடும் என்பதால் விரல்தான் முந்திக்கொள்ளும் என்கிற அடுத்த விஷயத்துக்குத் தானாக வழி திறந்தது. இதைப் பார்த்து நான் கைதட்டிவிட்டேன், வெட்கமில்லாமல்.

'மிகவும்' எல்லாம் போயிற்று. 'ஆகவே இதன் மூலம் நான் கற்றுக்கொண்டது என்னவென்றால்' என்று ஆரம்பிக்கிற கடைசிப் பத்தி மொத்தமும் போயிற்று. பாப்பா அதற்கு மட்டும் ரொம்பப் போராடினாள். கட்டுரைன்னா முடிவுரை இல்லாம எப்படிங்க சார்? பத்தாம் வகுப்பிலிருந்து முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிப் பழகிய கை. சார் அசையவில்லை. கடைசியில் அந்த இடத்தில் அவள் நோட்டிலிருந்த ஒரு கேள்வி உட்கார்ந்தது: நல்ல நிழலில் இருந்த ஒரு வரிசையிலும் ஏன் அத்தனை கிழிசல் கட்ட வேண்டிவந்தது? விடை தெரியாது. தெரியாது என்றே எழுதினாள். எனக்குக் கட்டுரையிலேயே பிடித்த இடம் அதுதான்.

இத்தனைக்கும் பிறகு எண்ணிப் பார்த்தால் 668. பதினெட்டு வார்த்தை அதிகம். அண்ணன் இரண்டிரண்டு சொல்லாக ஹைஃபன் போட்டு ஒட்டிவிடலாம் என்றான். குல்லாவுக்குள்ளிருந்து ஒரு பார்வை வந்தது, அவன் டீ போடப் போய்விட்டான்.

இப்போது அத்தை. களத்தில் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தவரிடம் பாப்பா கட்டுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். வாய்விட்டுச் சொன்னால் எங்கே இடிக்கிறது என்று காதுக்குத் தெரியும் என்பது சாரின் ஏற்பாடு. அத்தை கிளறியபடியே கேட்டார். செடி பிடுங்குகிற இடம் வந்ததும் கை நின்றது.

"எந்தச் செடி? மேட்டுக்காட்டு வரிசையா?"

"ஆமா அத்தே."

"அது உங்கப்பன் வெச்சதில்ல. உங்க தாத்தன் வெச்சது. அதப் புடுங்கறதுக்குள்ள ரெண்டு நாளு உங்கப்பன் அந்தப் பக்கமே போகல. அத எழுதினியா?"

எழுதவில்லை. பாப்பாவுக்கே தெரியாது. அவள் லேப்டாப்புக்கு ஓடினாள். வார்த்தைக் கணக்கு 690-க்கு எகிறியது. யாருக்கும் கவலை இல்லை. தாத்தாவுக்கு இடம் வேண்டும் என்றவுடன் வினாடி வினாப் பரிசு தானாக வெளியே நடந்தது, மூடுபனி கடைசித் தடயமும் இல்லாமல் கலைந்தது, அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி வைத்திருந்த ஒரே ஒரு மிரியட் உயிரை விட்டது. 649. ஒரு வார்த்தை பாக்கி. வைத்துக்கொள்ளட்டும் என்றார் சார்.

அனுப்புகிற ராத்திரி வீட்டுக்கு மேலே இருக்கிற பாறையில்தான் சிக்னல். போர்வை, டார்ச், லேப்டாப், நாலு பேர். கட்டண விலக்குக்குத் தேவையானதெல்லாம் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. விண்ணப்பம் முழுவதையும் பி.டி.எஃப். ஆகத் திறந்து பார்க்காமல் அந்தத் தளம் அனுப்பவே விடாது. நல்ல வழக்கம்! திறந்து பார்த்தால் ஒரு இடத்தில் பத்தி உடைந்து கிடந்தது. சரி செய்து, மறுபடி திறந்து, பெயரைக் கையெழுத்தாகத் தட்டி, பாப்பா கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. சுற்றியது. திடீரென்று திரை முழுக்கக் கலர் கலராகக் காகிதத் துண்டுகள் பறந்தன. அண்ணன் விசில் அடித்தான்.

"சீட்டு கெடச்சிருச்சா?" என்று கேட்டார் அத்தை.

"இல்ல அத்தே, அனுப்பியாச்சு, அவ்ளோதான். முடிவு மார்ச் கடைசிலதான் வரும்."

"அப்புறம் எதுக்கு இப்பவே காயிதத்தப் பறக்க வுடறான்?"

யாரிடமும் பதில் இல்லை. அண்ணன் பட்டியலைக் கீழே தள்ளினான். அடுத்த கல்லூரி தனியாக ஒரு துணைக் கட்டுரை கேட்டிருந்தது. ஏன் எங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறாய், 250 வார்த்தைக்குள். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அவன் உற்சாகத்தோடு விரலைச் சொடுக்கிக்கொண்டு, தட்டத் தட்ட வாய்விட்டுப் படிக்கவும் ஆரம்பித்தான்:

"சிறு வயது முதலே உங்கள் கல்லூரியில் பயில வேண்டும் என்பது..."

"டேய்!" என்றார் சார்.